அடுக்களைக் கணக்கு வந்த வழி



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டப் பள்ளியில் பொங்கல் விழா நடைபெற்றது. மாணவர், பெற்றோர், விருந்தினர் என ஏறத்தாழ நூறு பேருக்கு மதிய உணவு. சோறு ஆக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் பயின்றவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஒரு பால் டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாற்பது டின் அரிசி என்றால் எண்பது டின் தண்ணீர். ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கரும்பலகையிலே பெருக்க வைத்து, விடை சரி என்று கண்ட பிறகு, ஒரு டின்னும் பிசகாமல் அளந்து கொப்பரையில் ஊற்றினோம்.

சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது.

அங்கே ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டி ஓய்ந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர். அவர் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு சரிதாங்க, வாத்தியாரய்யா. ஆனா நாப்பது டின் அரிசியையும் நாப்பது அடுப்புலயா வச்சீங்க? ஒரே அடுப்புலதானே வச்சீங்க!"

நாங்கள் வாயடைத்துப் போனோம். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விளக்கமும் இருந்தது. நாம் உலையில் ஊற்றும் தண்ணீர் இரண்டு வழியாகச் செலவாகிறது. ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது. மற்றொரு பகுதி ஆவியாகப் போகிறது. அரிசி குடிக்கும் தண்ணீர், அரிசி நாற்பது மடங்கானால் தானும் நாற்பது மடங்காகும். ஆவியாகும் தண்ணீரோ அரிசியின் அளவைப் பார்ப்பதில்லை. பானையின் வாய் எவ்வளவு அகலம், அடுப்பு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதையே பார்க்கிறது. நாற்பது சிறு பானைகளின் ஆவி வேறு. ஒரு கொப்பரையின் ஆவி வேறு. நாங்கள் பெருக்கத் தகாத ஒன்றையும் சேர்த்துப் பெருக்கிவிட்டோம்.

படிப்பறியாத அம்மையார் இந்தக் கணக்கை எங்கே கற்றார்? அவருடைய தாயாரிடம் கற்றிருப்பார். அந்தத் தாயார் எங்கே கற்றார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு வரலாறு விரிகிறது. அதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி மனப்பாடமாக ஓதப்பட்டது. அதில் நெல்லிலக்கம் என்று ஒரு பகுதி உண்டு. தானியத்தை அளக்கும் வாய்பாடு அது. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு படிக்கு 14,400 நெல் வரும். நடைமுறையில் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. தஞ்சைப் படி வேறு, சென்னைப் படி வேறு. ஆனால் படிக்கும் உழக்குக்கும் உள்ள உறவு எங்கும் மாறவில்லை. எந்த ஊரிலும் நான்கு உழக்கு ஒரு படிதான்.

திண்ணையில் அமர்ந்து ஓதியவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். அவர்களிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை திண்ணைக்கு வெளியே நின்றவை. ஆயினும் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஆழாக்கும் உழக்கும் தெரியும். ஒன்றைப் பாதியாக்கினால் உரி, அதைப் பாதியாக்கினால் உழக்கு, அதையும் பாதியாக்கினால் ஆழாக்கு என்பதைக் கை அறிந்திருந்தது. அடுக்களைக் கணக்கின் அடிப்படை பாதியாக்குவதுதான். அதற்கு எழுத்து வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும்.

எங்கள் பாட்டியின் தாயார் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது அவருடைய மூட்டையில் ஒரு பித்தளை உழக்கு இருந்ததாம். அந்த உழக்கு எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்தே அதற்குக் கடையில் மதிப்பில்லாமல் போயிற்று. ஏனென்றால் மலாயாவின் கடைகள் வேறு மொழியில் அளந்தன.

இங்கே எடைக்குக் கட்டி. 16 தாயில் ஒரு கட்டி; 100 கட்டி ஒரு பிக்குல். கொள்ளளவுக்கு மலாய்க்காரர்களின் சுப்பாக்கும் காந்தாங்கும். 4 சுப்பாக் ஒரு காந்தாங். இவற்றோடு ஆங்கிலேயரின் பவுண்டும் காலனும் வந்து கலந்தன. 3 கட்டி 4 பவுண்டு. ஒரு காந்தாங் ஒரு காலன் என்று ஆட்சியாளர் ஒழுங்கு செய்திருந்தனர். பணமோ நூறு காசுக்கு ஒரு வெள்ளி. ஊரிலே 16 அணாவுக்கு ஒரு ரூபாய் என்று எண்ணிப் பழகியவர்கள் இங்கே பணத்தை நூறாலும், மிளகாயைப் பதினாறாலும், அரிசியை நான்காலும் எண்ண வேண்டியதாயிற்று. கடைக்காரர் கையிலோ தாசிங் என்னும் தூக்குக்கோல். கோலின் ஒரு முனையில் தட்டு. கோலின் மேல் நகரும் ஒரு குண்டு. புள்ளிகளைப் பார்த்து எடை சொல்ல வேண்டும். புள்ளிகள் கடைக்காரர் கண்ணுக்கு நேராக இருக்கும். வாங்குபவர் கண்ணுக்கு அல்ல.

இவ்வளவு குழப்பத்திலும் அந்தப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பதினாறு அவர்களுக்கு அந்நியமான எண் அன்று. தமிழில் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயர். மாகாணி என்றும் சொல்வர். ஒன்றைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, மீண்டும் மீண்டும் பாதியாக்கினால் நான்காம் தடவையில் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. அரை, கால், அரைக்கால், வீசம். ஆகவே ஒரு தாயில் என்பது ஒரு கட்டியின் வீசம். பெயர் சீனக் கடையிலிருந்து வந்தது. கணக்கு முன்பே நம்மிடம் இருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. சமையலில் பல காரியங்களுக்கு அளவு வேண்டியதில்லை, விகிதமே வேண்டும். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. நான்கு உழக்குக்கு ஓர் உழக்கு என்றாலும், நான்கு டின்னுக்கு ஒரு டின் என்றாலும், நான்கு சிரட்டைக்கு ஒரு சிரட்டை என்றாலும் இட்லி அதே இட்லிதான். பித்தளை உழக்குக்குக் கடையில் மதிப்பு போனால் என்ன? பால் காய்ச்சிய பிறகு மிஞ்சிய பால் டின் இருக்கிறதே! தோட்டத்து அடுக்களைகளில் பால் டின் உழக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ நான்கு டின் ஒரு சுப்பாக் என்று மலாய் அளவோடும் அது ஒத்துப்போயிற்று. நான்கு உழக்கு ஒரு படி என்ற பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

அடுக்களைக் கணக்கை அரசாங்கமும் போட்டது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். 1920-களில் தோட்டத் தொழிலாளரின் நிலையான சம்பளத்தை இந்தியக் குடியேற்றக் குழு நிர்ணயித்தது. ஒரு தொழிலாளிக்கு மாதத்திற்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு உப்பு, மிளகாய், பருப்பு, எண்ணெய், துணிமணி என்று பட்டியலிட்டு, விலை போட்டு, அதிலிருந்து நாட்கூலியைக் கணக்கிட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. இரண்டிலும் விகிதம் ஒன்றே: ஐந்துக்கு நான்கு. ஆண் ஐந்து காசு பெற்றால் பெண்ணுக்கு நான்கு காசு. அந்த நான்கையும் ஐந்தையும் சேர்த்து, மாதம் முழுவதும் உலை கொதிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியவளோ அந்தப் பெண்ணேதான். பட்டியல் எழுதியவர்கள் ஒரு முறை கணக்குப் போட்டார்கள். அவள் ஒவ்வொரு நாளும் போட்டாள்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றைய மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு கிழங்கு சேர்த்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் உண்பார்கள் என்பதே அக்காலத்து விகிதக் கணக்கு. எங்கள் பாட்டி அப்போது இளம்பெண். "அரிசியைத் தேடித்தான் பாக்கணும், தம்பி" என்று எங்களிடம் சொல்லுவார். தோட்டங்களிலிருந்து ஆடவர் பலர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பல்லாயிரம். பானையைப் பங்கிடும்போது ஒரு தலை குறைந்த வீடுகள் எத்தனையோ. அந்தக் கழித்தலை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை.

யுத்தம் முடிந்தும் நெருக்கடி முடியவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டிலிருந்த கொரில்லாப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் உணவுக் கட்டுப்பாடு விதித்தது. 1950-களின் நடுவில் சில வட்டாரங்களில் வீட்டிலே அரிசி வைத்திருக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் அரிசியை ஆக்கி, சோறாகவே பங்கிட்டார்கள். இதன் காரணம் எளியது. அரிசி மாதக்கணக்கில் கெடாது. ஆகவே காட்டுக்குள் கடத்தலாம். சோறு ஒரே நாளில் புளித்துவிடும். அதிகாரிகளின் கணக்கு அவர்கள் அளவில் சரிதான். ஆனால் அத்தகைய இடங்களில் குடும்பப் பெண்ணின் கையிலிருந்து டின்னே பறிபோயிற்று. நாளைக்கு என்று அவள் ஒரு பிடி எடுத்துவைக்க முடியாது. விடியுமுன் மரம் வெட்டப் போகிறவனுக்குத் தன் நேரத்திற்கு உலை வைக்கவும் முடியாது. அரிசியை அளக்கும் கை தன்னுடைய கையாக இருப்பது எவ்வளவு பெரிய உரிமை என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்திருக்கும்.

இங்கே எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே 1950-களில் எங்கள் பாட்டி ஒரு கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிவந்தார். சம்பள நாளில் பாக்கி தீர்ப்பது வழக்கம். பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே அடுக்களைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். எண்ணெய்க்கு ஒரு வரிசை, மிளகாய்க்கு ஒரு வரிசை, பருப்புக்கு ஒரு வரிசை. ஒரு மாதம் சுவரில் எண்ணெய்க்கு மூன்று கோடு இருந்தது. கடைப் புத்தகத்தில் ஐந்து போத்தல் என்றிருந்தது. பாட்டி வாதாடினார். "புத்தகத்தில் எழுதியிருக்கிறதே அம்மா, சுவரையா இங்கே கொண்டுவர முடியும்?" என்றார் கடைக்காரர். ஐந்து போத்தலுக்கும் பணம் கொடுத்துவிட்டுத்தான் பாட்டி வீடு திரும்பினார்.

அடுத்த மாதத்திலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் தந்தையாரைக் கையோடு அழைத்துப் போனார். தந்தையாருக்கு அப்போது எட்டு வயதிருக்கும்; தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எழுதுவதை அவர் உரக்கப் படிப்பார். வீட்டுக்கு வந்து ஒரு பழைய நோட்டில் எழுதுவார். அதன்பிறகு மூன்று மூன்றாகவே இருந்தது, ஐந்தாகவில்லை. தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923-ஆம் ஆண்டின் சட்டமும் விதித்திருந்தன. ஆட்டுக்கொட்டகை போன்ற கட்டடமானாலும், ஓராசிரியர் பள்ளியானாலும், அங்கே கற்ற எழுத்தும் எண்ணும் ஒரு வீட்டுக்கு இரண்டு போத்தல் எண்ணெயைக் காப்பாற்றிக் கொடுத்தன. பாட்டியின் கணக்கில் பிழை இல்லை. அதை எழுத்தில் வைக்க ஆளில்லை என்பதே குறை.

ஆனால் இந்தக் கதையில் மற்றொரு குறையும் உண்டு. தந்தையாருக்கு மூத்த சகோதரி ஒருவர் இருந்தார். அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பாட்டி வெளிக்காட்டுக்கு வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளையைப் பார்க்கவும், உலை வைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. எங்கள் அத்தை இருபது பேர் பந்திக்கும் கண்ணாலேயே அளந்து சமைப்பார். ஆயினும் யார் கேட்டாலும், "எனக்குக் கணக்குத் தெரியாதுப்பா" என்றே சொல்லுவார். நாங்கள் ஆசிரியரான பிறகும் அந்தச் சொல்லை மாற்ற எங்களால் முடியவில்லை.

1972-ஆம் ஆண்டில் மலேசியாவில் எடை அளவைச் சட்டம் நிறைவேறியது. கட்டி, தாயில், பவுண்டு, காந்தாங் யாவும் விலகி, கிலோவும் லிட்டரும் வந்தன. மாற்றம் முழுமையாகச் சந்தையில் இறங்க ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. பத்தின் மடங்கில் எண்ணுவது பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிது. 16-ஆல் வகுக்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் அடுக்களையில் அரைக்கு அரை என்று பாதியாக்கிப் பழகிய கைக்குப் பத்து என்பது இடறலான எண். ஒன்றை எத்தனை முறை பாதியாக்கினாலும் பத்தில் ஒரு பங்கு வராது.

சந்தையிலோ வேறொரு சிக்கல். ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம். கட்டி 60 காசுக்கு விற்ற கீரையைக் கிலோ ஒரு வெள்ளி 20 காசு என்று ஒருவர் விற்றால் அது நியாயமா? "கிலோ பெரிசும்மா" என்று அவர் சொல்வது உண்மைதான். எவ்வளவு பெரிது என்பதல்லவா கேள்வி? இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. ஐந்து கட்டி ஏறத்தாழ மூன்று கிலோ. ஐந்து கட்டிக் கீரையின் விலை மூன்று வெள்ளி. ஆகவே மூன்று கிலோவின் விலையும் மூன்று வெள்ளி. ஒரு கிலோ ஒரு வெள்ளி. துல்லியமாகப் பார்த்தால் 99 காசு. மிகுதி 20 காசுக்கு விற்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதுகோல் இல்லாமல், கூடையைக் கையில் வைத்துக்கொண்டே போடக்கூடிய கணக்கு இது.

நேயர்களே, படி போயிற்று; கட்டி வந்தது. கட்டி போயிற்று; கிலோ வந்தது. அளவைகள் மாறிக்கொண்டே இருந்தன. நான்குக்கு ஒன்று என்ற இட்லி விகிதம் மட்டும் முசிறியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அளவைகள் அரசாங்கத்தோடும் கடையோடும் சேர்ந்தவை; விகிதமோ அறிவோடு சேர்ந்தது. அந்த அறிவை நான்கு தலைமுறையாகச் சுமந்துவந்தவர்கள் தங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நம்பியபடியே மறைந்தார்கள். இன்றைய வகுப்பறையில் விகிதக் கணக்கு வந்ததும் மிரண்டு போகும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களிற் பலர் வீட்டிலே தாயாருக்குத் துணையாக அரிசி அளந்து உளுந்து ஊறப்போடுகிறவர்கள். தாங்கள் செய்வதுதான் அந்தக் கணக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனாயினும் மகளாயினும் பிள்ளையைச் சமையலறைக்குள் அழையுங்கள். நான்கு பேருக்குச் செய்யும் குழம்பை ஆறு பேருக்குச் செய்ய எவ்வளவு பருப்பு என்று கேளுங்கள். கடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை தவறு செய்தால் சோறு கொஞ்சம் குழையும், அவ்வளவுதான். எங்கள் கொப்பரையில் குழைந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு அந்த மூதாட்டியை நாங்கள் முன்கூட்டியே அழைத்துவந்தோம். அவர் கண்ணால் பார்த்தே தண்ணீர் ஊற்றச் சொன்னார். மாணவர்கள் டின் டின்னாக எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். 40 டின் அரிசிக்கு 56 டின் தண்ணீர். சோறு முல்லை மொட்டுப் போல் மலர்ந்தது. மாணவர்கள் எட்டால் சுருக்கிக் கரும்பலகையில் எழுதினார்கள்: ஐந்துக்கு ஏழு. அதன் கீழே, "இந்தக் கொப்பரைக்கும் இந்த அடுப்புக்கும் மட்டும்" என்று ஒரு சிறுமி சேர்த்து எழுதினாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று அம்மையார் கேட்டார். நாங்கள் படித்துக் காட்டினோம். "இதுதான் கணக்கா? இதைத்தானே நான் தினமும் செஞ்சேன்" என்றார்.

ஆம், அம்மா. இதுதான் கணக்கு.